சுமந்து நடப்பது அறமாகுமா?

விடுமுறை நாளில் என்ன செய்யலாம் என்று கேட்டால் நம்மில் பலர் உறங்கலாம் என்போம். சிலர் திரைப்படத்திற்குப் போகலாம் என்போம். முதுகில் 18 கிலோ எடையை ஏற்றிக்கொண்டு 42 கிலோமீட்டர் நடக்கலாம் என்று ஒருவர் சொன்னால் அவரை ஏற இறங்கப் பார்ப்போம். ஆனால் அமெரிக்க நாட்டில் இப்படி நடப்பவர்கள் இருக்கிறார்கள். அதுவும் அறப்பணிக்கு நிதி திரட்டுவதற்காக! இதற்கு அங்கே ‘ரக்கிங்’ என்று பெயர். 1997-இல் தமிழகத்தில் சட்டம் இயற்றித் தடுத்த ‘ராகிங்’ வேறு, இது வேறு. படைவீரர் முதுகில் சுமக்கும் ‘ரக்சாக்’ என்னும் பையிலிருந்து பிறந்த சொல் இது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஏப்ரல் மாதத்தின் மூன்றாம் திங்கட்கிழமை ‘நாட்டுப்பற்றாளர் நாள்’, அரசு விடுமுறை. 1775 ஏப்ரல் 19 அன்று லெக்ஸிங்டன், கான்கார்டு ஆகிய ஊர்களில் அமெரிக்க விடுதலைப் போர் மூண்டதன் நினைவு நாள் அது. 1897-இல் தொடங்கிய பாஸ்டன் மாரத்தான் ஓட்டமும் அந்த விடுமுறையில்தான் நடக்கிறது. அவ்வழியே தேசியக் காவற்படை வீரர்கள் சிலர் சுமையோடு நடந்து, உயிர்நீத்த வீரர்களின் குடும்பங்களுக்காக நிதி திரட்டினார்கள். அந்த நடைக்கு ‘டஃப் ரக்’ என்று பெயர். மாண்டவர்களின் பெயர்களையும் பையில் தொங்கவிட்டுச் சுமந்தார்கள்.

2013 ஏப்ரல் 15 அன்று அந்த ஓட்டத்தின் எல்லைக்கோட்டருகே இரு குண்டுகள் வெடித்தன. மூவர் மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். விடியற்காலையிலேயே புறப்பட்டு, நடையை முடித்திருந்த அவ்வீரர்கள் அங்கே இருந்தார்கள். சோர்ந்த கால்களோடு ஓடி, தடுப்பு வேலிகளைப் பிய்த்தெறிந்து, காயமுற்றவர்களைச் சென்றடைய வழி அமைத்தார்கள். பாதுகாப்புக் கருதி, அடுத்த ஆண்டு முதல் மாரத்தான் பாதையில் முதுகுப் பைகள் தடுக்கப்பட்டன. நடையை அவர்கள் கைவிடவில்லை. கான்கார்டு பக்கம் பழைய போர்ச்சாலைக்கு மாற்றிக்கொண்டார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழும். கொடுக்க நினைப்பவன் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? நடுவில் இந்த மூட்டை எதற்கு? கேள்வி நியாயமானதே. காசோலையைக் கிழித்துக் கொடுக்க ஒரு நிமிடம் போதும். அடுத்த நிமிடம் அதை மறந்தும் விடலாம். ஆனால் தோள்வார் உறுத்தும் பத்து மணி நேரத்தில், யாருக்காக நடக்கிறோம் என்பதை மறக்க முடியாது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். பிறர் சுமையில் ஓர் இம்மியையேனும் உடம்பால் உணரும் முயற்சி என்ற அளவில் இந்த நடையை நான் வரவேற்கிறேன்.

ஆனால் இதில் ஒரு வழுக்கலும் உண்டு. “நான் 15 கிலோ சுமந்தேன்” என்று ஒருவர் சொன்னால், “நான் 25” என்று அடுத்தவர் முந்துவார். அந்த நொடியில் அறம் பின்னுக்குப் போய், எடைதான் முன்னுக்கு நிற்கும். 60 கிலோ எடையுள்ள மாணவர் 18 கிலோ சுமப்பதென்றால் தம் எடையில் பத்தில் மூன்று பங்கைச் சுமக்கிறார். பள்ளிச் சிறுவரின் புத்தகப் பை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்று 2020-இல் நம் நாட்டில் வெளியான பள்ளிப் பைக் கொள்கை கூறுகிறது. சிறுவருக்கு வகுத்த அளவுதான் என்றாலும், பழக்கமில்லாத முதுகும் முழங்காலும் தொடங்குவதற்கு அதுவே நல்ல அளவு என்பேன். நோயாளிக்கு உதவப் போய் நாமே நோயாளியாகித் திரும்புவது ஈகையாகாது.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். விடுமுறையில் ஒருநாள் விரும்பிச் சுமப்பவருக்குக் கைதட்டல் கிடைக்கிறது. அன்றாடம் சந்தையில் மூட்டை இறக்கும் தொழிலாளிக்கு யார் கைதட்டுகிறார்கள்? சுமையே பெருமை என்றால் முதல் மாலை அவருக்கல்லவா விழ வேண்டும்? ஆகவே, பெருமை சுமையில் இல்லை. அது யாரைச் சென்று சேர்கிறது என்பதில் இருக்கிறது.

இதை நன்கு உணர்த்துவது நியூ மெக்சிகோ மாநிலத்தில் நடக்கும் மற்றொரு நடை. பிலிப்பைன்ஸ் நாட்டின் பட்டான் தீபகற்பத்தில் 1942 ஏப்ரல் 9 அன்று அமெரிக்க, பிலிப்பைன்ஸ் படைகள் ஜப்பானியரிடம் சரணடைந்தன. சிறைப்பட்டவர்களை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கொடுமையாக நடத்திச் சென்றார்கள். ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே மாண்டார்கள். சிறைப்பட்டவர்களில் நியூ மெக்சிகோ வீரர்கள் மிகப் பலர். அதன் நினைவாக 1989-இல் இந்த நடையைத் தொடங்கியது, நம் என்.சி.சி.யை ஒத்த ஒரு பல்கலைக்கழக மாணவர் படைப் பயிற்சிப் பிரிவு. இன்று ஒயிட் சாண்ட்ஸ் பாலைநிலத்தில் நடக்கும் அந்த நடையில், கனத்த பிரிவில் சேர்வோர் ஏறத்தாழ 16 கிலோ சுமக்க வேண்டும். அவர்களில் பலர் பைக்குள் கல்லையும் மணலையும் திணிப்பதில்லை. அரிசியும் பயறும் வைத்துச் சுமந்து, நடை முடிந்ததும் ஏழைகளுக்கு உணவளிக்கும் நிலையங்களுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். சுமந்த எடை முழுவதும் ஒரு வீட்டில் உலையேறுகிறது!

இதுவே சரியான முறை என்பது என் துணிபு. கல்லைச் சுமந்தவன் வீடு திரும்பிக் கல்லைத்தான் இறக்கி வைப்பான். அரிசியைச் சுமந்தவன் ஒருவர் பசியை இறக்கி வைக்கிறான். மாணவர் கூட்டம் ஒன்று தொடங்கிய நற்செயல் தலைமுறை கடந்து நிற்கிறது என்றால், நம்மால் மட்டும் ஏன் முடியாது? வரும் விடுமுறையில் நாமும் நடப்போம். தாங்கும் அளவே சுமப்போம். சுமப்பது பிறருக்குப் பயன்படும் பொருளாக இருக்கட்டும்.