பேர் போட்டவரின் பேர்

ஜனவரி 10 வந்தால் முல்லோயா கோவிந்தனை நினைக்கிறோம். ஹேவாஹெட்ட, முல்லோயா தோட்டத்தில் 1940ஆம் ஆண்டு சம்பள உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டு உயிர்விட்ட தொழிலாளி அவர். அவரையே மலையகத்தின் முதல் தியாகி என்கிறோம். 1977 மே 11இல் டெவன் தோட்டத்தில் காணிக்காக உயிர் கொடுத்த சிவனு லெட்சுமணனையும் மறப்பதில்லை.

கோவிந்தன் எப்படி மடிந்தார் என்று கூட்டந்தோறும் பேசுகிறோம். அவர் ஒரு குடும்பத்துக்காரர் என்பதைப் பேசுவதில்லை. விசாரணை ஆணைக்குழுவின் முன்னால் அவருடைய மனைவிக்காக வாதாடியவர் கொல்வின் ஆர். டி சில்வா. மாலை போடுவதோடு அன்றைய தொழிற்சங்க இயக்கம் நிற்கவில்லை, அந்த அம்மாவின் பக்கத்தில் நின்றது. நாம் படிக்க வேண்டிய பாடம் அதுதான்.

அண்மையில் எங்கள் தோட்டத்தில் ஸ்டோர் வேலை செய்த பெரியவர் ஒருவர் காலமானார். முப்பது வருசம் கொழுந்து வாட்டும் மாடியிலும் ரோலரிலும் அடுப்பிலும் உழைத்தவர். ஒரு மாதமும் சந்தா நிறுத்தாதவர். ராத்திரி வேலை முடிந்து, சட்டையில் தேயிலைத் தூளோடு, தூங்காமல் சின்ன மகளைப் பாடசாலை கேட் வரை கொண்டுவந்து விடுவார். அந்தப் பிள்ளை உயர்தரம் படித்தது அவருடைய தூக்கத்தில்தான்.

சங்கக் கொடி போர்த்தி வழியனுப்பினோம். கருமாதி முடிந்ததும் அவருடைய சம்சாரம் ஒரு பையில் கடதாசிகளோடு வந்தார். பிறப்புச் சான்றிதழில் ஒரு பேர், அடையாள அட்டையில் ஒரு பேர், செக்ரோலில் இன்னொரு பேர். முப்பது வருசம் பேர் போட்ட மனுசனுக்குச் சரியான பேர் இல்லை! சேமலாப நிதி எடுக்க அந்த அம்மா இன்னும் அலைகிறார்.

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருசத்துக்குக் குறையாமல் வேலை செய்த நாள் சம்பளத் தொழிலாளிக்கு, வருசத்துக்கு 14 நாள் சம்பளம் சேரவேண்டும். முப்பது வருசத்துக்கு 420 நாள் சம்பளம். அவர் இறந்துபோனால் அது வாரிசுக்கு உரியது. 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். இது யாரும் போடும் பிச்சை இல்லை.

இதெல்லாம் கிளார்க் பார்க்கும் வேலை, சங்கத்துக்குப் போராட்டம்தான் வேலை என்று சிலர் சொல்கிறார்கள். நாங்கள் ஒத்துக்கொள்ள மாட்டோம். உழைத்துச் சேர்த்த பணம் வீடு வந்து சேராவிட்டால், சம்பளப் போராட்டத்தில் வென்றதில் பாதி கையை விட்டுப் போகிறது.

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இந்த மாதமே லயம் லயமாகப் போகட்டும். ஆள் உயிரோடு இருக்கும்போதே மூன்று கடதாசியிலும் பேரைப் பாருங்கள். பிழை இருந்தால் சத்தியக் கடதாசி முடித்துத் திருத்துங்கள். சேமலாப நிதிக்குப் பின்னுரித்தாளி பேர் கொடுத்திருக்கிறதா என்று கேளுங்கள். ஓய்வு பெறப் போகிறவர்களின் வீட்டில் இருந்து தொடங்குங்கள்.

பாடசாலையில் நாங்களும் ஒரு வேலையை எடுத்துக்கொள்கிறோம். தாத்தா, பாட்டி எந்த மலையில், எந்த ஸ்டோரில், எத்தனை வருசம் வேலை செய்தார்கள் என்று பிள்ளைகளைக் கேட்டு எழுதச் சொல்லப் போகிறோம். கோவிந்தனின் வாழ்க்கையை எழுதி வைக்க அன்று ஆளில்லை. இன்று நம் வீடுகளில் எழுதத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.