அந்தக் கோப்பைப் பிள்ளையிடம் கொடுங்கள்

அமெரிக்காவில் சில வருடங்கள் இருந்துவிட்டுச் சென்னைக்கும் கோவைக்கும் திரும்பி வந்திருக்கும் பெற்றோர்களே, உங்களில் ஒருத்தியாகத்தான் இதை எழுதுகிறேன். நம்மில் பலர் வீட்டில் இரண்டு பிள்ளைகள். மூத்தவள் திருச்சியிலோ மதுரையிலோ பிறந்து, கைக்குழந்தையாக எச்-4 விசாவில் அங்கே போனவள். இளையவன் நியூ ஜெர்சியில் பிறந்தவன். இருவரிடமும் ஒரே நீல பாஸ்போர்ட். அதனால் இருவர் நிலையும் ஒன்றுதான் என்று இருந்துவிடுகிறோம்.

உண்மையில் ஒன்றா? தான் அமெரிக்கக் குடிமகன் என்று காட்ட இளையவனுக்கு அவனுடைய பிறப்புச் சான்றிதழ் போதும். மூத்தவளுக்குக் குடியுரிமை வந்தது நம் வழியாக. 2001 பிப்ரவரி 27 முதல் நடப்பில் இருக்கும் சட்டப்படி, பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறைவதற்குள் தாயோ தந்தையோ குடியுரிமை பெற்றிருக்க வேண்டும். பிள்ளை கிரீன் கார்டோடு அவர் பொறுப்பில் அங்கேயே வசிக்கவும் வேண்டும். இவை கூடிவந்த நொடியே அவளும் குடிமகள்தான். தனியாக விண்ணப்பம் கிடையாது, உறுதிமொழி கிடையாது. நாம் கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்த மண்டபத்தில் அவள் பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்திருப்பாள். சான்றிதழை நம் பெயரில் கொடுத்தார்கள். அவள் பெயரில் ஒரு தாளும் தரவில்லை.

அவளுக்குப் பாஸ்போர்ட் எடுத்ததோடு கடமை முடிந்தது என்று நினைத்தோம். பதினாறு வயதுக்குள் எடுக்கும் பாஸ்போர்ட்டுக்கு ஆயுள் 5 வருடம்தான். அடுத்ததை வெறுமனே புதுப்பிக்க முடியாது. புது விண்ணப்பத்தோடு நேரில் போய்க் குடியுரிமைக்கு ஆதாரம் காட்ட வேண்டும். பழைய பாஸ்போர்ட் பழுதில்லாமல் இருந்தால், காலாவதி ஆகியிருந்தாலும் அதுவே ஆதாரமாக நிற்கும். தொலைந்திருந்தால்? மழைத்தண்ணீர் புகுந்து பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தால்? அவளுடைய பிறப்புச் சான்றிதழ், நம் திருமணச் சான்றிதழ், நம் குடியுரிமைச் சான்றிதழ், அவள் கிரீன் கார்டு பெற்றதற்கான அத்தாட்சி, அங்கே நம்மோடு வசித்ததைச் சொல்லும் பள்ளிப் பதிவு என்று ஒவ்வொன்றாகக் கேட்கலாம்.

அண்ணா சாலை அமெரிக்க கான்சுலேட்டில் நாளைக் காலை அப்பாயின்ட்மென்ட் என்றால் முந்தின இரவு நம் வீடுகள் எப்படி இருக்கின்றன? பரணிலிருந்து பெட்டிகள் இறங்கும். மாநகராட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழில் பெயர் எழுதும் இடம் காலியாக இருக்கும். பெயரைப் பதிய 15 வருட அவகாசம் இருந்தது, நாம் போகவில்லை. கோயிலில் நடந்த கல்யாணத்தைப் பதிவே செய்திருக்க மாட்டோம். கிரீன் கார்டு எந்த வீடு மாற்றியபோது போனதோ தெரியாது. "எங்கடி வெச்சே? உன் பேப்பரைக்கூட ஒழுங்கா பார்த்துக்கத் தெரியாதா?" என்று பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் பாய்வோம்.

அந்தத் தாள்களை அவளிடம் நாம் எப்போது கொடுத்தோம்? "தொட்டா தொலைச்சிடுவே" என்று பூட்டி வைத்தது நாம்தானே? போட்டிக்காக ஐம்பது மாநிலங்களின் தலைநகரங்களையும் மனப்பாடம் செய்ய வைத்தோம். தான் எந்த நாளில், யார் வழியாகக் குடிமகள் ஆனாள் என்பதை மட்டும் சொல்லித்தரவில்லை. பத்தொன்பது வயதில் ஜெர்மனியில் படிக்கும்போது அங்கிருக்கும் அதிகாரி கேட்டால், "அப்பாவைக் கேட்டுச் சொல்றேன்" என்று நிற்கிறாள். "உனக்காகத்தான் அமெரிக்கா போனோம்" என்றோம், பிறகு "உனக்காகத்தான் திரும்பி வந்தோம்" என்றோம். இரண்டையும் அவள் கணக்கில் எழுதியவர்கள், அவளுக்குச் சேர வேண்டியதைக் கையில் கொடுக்கவில்லை.

என்-600 என்ற விண்ணப்பம் இருக்கிறது. அதைப் போட்டால் அவள் பெயரிலேயே குடியுரிமைச் சான்றிதழ் கிடைக்கும். அது காலாவதி ஆவதில்லை. 2024 ஏப்ரல் முதல் கட்டணம் 1,300 டாலருக்கும் மேல். பெரிய தொகைதான், எல்லோராலும் உடனே முடியாது. ஆனால் அரங்கேற்ற மண்டபத்துக்கும் மேடை அலங்காரத்துக்கும் யோசிக்காமல் லட்சங்களைக் கொடுக்கிற நமக்கு, பிள்ளை ஆயுள் முழுக்கக் காட்டப்போகும் இந்த ஒரு தாள் மட்டும் ஏன் வீண்செலவாகத் தெரிகிறது? பிள்ளைக்குப் பதினேழு ஆகியும் தன் குடியுரிமை விண்ணப்பத்தைத் தள்ளிப்போடும் அமெரிக்காவில் உள்ள நண்பர்களும் காலண்டரைப் பார்க்க வேண்டும். பதினெட்டு நிறைந்தால், பெற்றோர் வழியாகக் குடியுரிமை தானாக வரும் இந்த வழி அடைபடும்.

பிரிந்து வாழும் பெற்றோரைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது. பதினாறுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் பொதுவாக இருவர் சம்மதமும் தேவை. குடியுரிமை வந்த சமயத்தில் பிள்ளை யார் பொறுப்பில் இருந்தது என்பதையும் நீதிமன்ற உத்தரவு சொல்ல வேண்டியிருக்கும். பாஸ்போர்ட் எடுக்கும் சமயம் பார்த்து ஒருவர் கையெழுத்துப் போட மறுக்கிறார், இன்னொருவர் உத்தரவின் நகலைத் தர மறுக்கிறார். யாரைத் தண்டிக்கிறோம்? உங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லாவிட்டால் போகட்டும். உத்தரவின் சான்றிட்ட நகல் ஒன்றைப் பிள்ளையின் கோப்பில் வையுங்கள். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, நோட்டரி முத்திரையோடு இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.