தொட்டிக்குள் வந்த கொட்டி

அண்மையில் வினாயகபுரத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். விறாந்தையில் கண்ணாடி மீன் தொட்டி ஒன்று இருந்தது. சுயதொழில் உதவியாக ஒரு நிறுவனம் கொடுத்ததாம். மீன் இருந்தது, செடி இல்லை. "இலையெல்லாம் அழுகிப் போச்சு பாதர், கிழங்கோட பிடுங்கி எறிஞ்சிட்டம்" என்றார் வீட்டுக்காரர்.

எறிந்தது எது என்று கேட்டேன். நீண்ட, விளிம்பு நெளிந்த இலை என்றார். அது நம் குளங்களில் வளரும் கொட்டி இனந்தான். அப்பொனொகெட்டன் கிரிஸ்பஸ் என்ற பெயரில் அதன் கிழங்கு வெளிநாடுகளில் விற்கப்படுகிறது. குளம் வற்றக் கொட்டியின் இலை கருகும், கிழங்கு சேற்றுக்குள் கிடக்கும், மாரியோடு மீண்டும் துளிர்க்கும். வட்டையில் வாழ்ந்த அவருக்கு இது தெரியாததல்ல. கண்ணாடிக்குள் போனதும் அது படித்தவர்களின் பொருளாகிவிட்டது. கொடுத்தவர்களும் அவருக்குத் தெரிந்ததைக் கேட்கவில்லை. எனக்கு இதுதான் பெரிய குறையாகப் படுகிறது.

ஆகவே, இலை அழுகினால் இலையை மட்டும் வெட்டுங்கள். கிழங்கு கல்லுப்போல இருந்தால் உயிர் இருக்கிறது. நமது நாட்டுக்கே உரிய கிரிப்டோகொரைன் செடிகளும் தண்ணீர் மாறினால் இலையை உதிர்த்துவிட்டு வேரிலிருந்து தளிர்க்கும். கழுவிய ஆற்று மணல் மூன்று விரல் உயரம் போதும். கிழங்கின் நுனி மணலுக்கு மேலே தெரிய வேண்டும். நேர் வெயிலில் வைத்தால் பாசி பிடிக்கும். வயல் பழக்கத்தில் யூரியா போட்டுவிடாதீர்கள், மீன் செத்துவிடும். செடிக்கு மீனின் கழிவே பசளை. 2004 கடல்கோளில் இக்கரையின் பல கிணறுகளுக்குள் கடல்நீர் புகுந்ததை அறிவீர்கள். உவர்த் தண்ணீர் இச்செடிகளுக்கு ஆகாது. நாவில் வைத்துப் பார்த்து, உவர்த்தால் மழைநீரைச் சேகரித்துப் பாவியுங்கள்.

பெருகிய செடியை வாய்க்காலில் மட்டும் கொட்டாதீர்கள். சல்பீனியா 1939இல் கொழும்பில் தாவரவியல் படிப்புக்காகக் கொண்டுவரப்பட்டது. பிறகு வயல்களை மூடியது. ஆற்றுவாழைக்கு எதிராக 1909இலேயே சட்டம் வந்தது. ஆயினும் கிட்டங்கி ஆற்றை அது அடைத்ததை எல்லோரும் கண்டிருக்கிறோம். மேலதிகச் செடியை வெயிலில் காயவைத்துத் தென்னைக்குப் போடலாம்.

சீமெந்துத் தொட்டியில், நிழல் வலையின் கீழ் இவற்றைப் பெருக்கி விற்கவும் முடியும். காணி இல்லாதவருக்கும் இயலக்கூடிய தொழில் இது. ஆனால் வாங்குபவர் யார் என்று அறியாமல் கடன்பட வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொத்துவில் கனகர் கிராமத்தவர் 1990இல் இடம்பெயர்ந்தவர்கள். 2018இலும் தம் காணிக்காக வீதியோரம் அமர்ந்து போராடினார்கள். அவர்கள் கேட்டது தொட்டியை அல்ல. தொட்டி தருபவர்களிடம் வாங்கிக்கொள்ளுங்கள். கையொப்பமிடுமுன் படிவத்தை முழுவதும் வாசியுங்கள். உங்கள் காணிக் கோரிக்கைக் கடிதத்தின் பிரதி ஒன்றையும் அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.