காகிதப் பைக்கு அஞ்சிய கம்பனி

இத்தாலிய ஆடம்பரப் பொருள் நிறுவனமான கூச்சி, 2016 ஏப்ரலில் ஹொங்கொங்கின் சில கடைகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அக்கடைகள் செய்த குற்றம் என்ன? கூச்சியின் இலச்சினை பொறித்த கைப்பைகளை விற்றனவாம். அவை போலித் தோற்பைகள் அல்ல. இறந்தோருக்காக எரிப்பதற்கென்று மடித்து ஒட்டப்பட்ட காகிதப் பைகள்!

சீனர்களிடையே நெடுங்காலமாக நிலவும் வழக்கம் இது. சிங்மிங் எனப்படும் மூதாதையர் வழிபாட்டு நாளில் காகிதப் பொருட்களைத் தீயிலிட்டால் அவை மறுவுலகில் உள்ளோரைச் சென்றடையும் என்பது நம்பிக்கை. பொன்னிறத் தாளைத் தோணி வடிவில் மடித்துத் தங்கக் கட்டியாகப் பாவித்து எரிப்பது பழைய முறை. இன்றோ மாளிகை, மோட்டார் வண்டி, கைத்தொலைபேசி, கைப்பை என்று பட்டியல் நீண்டுவிட்டது. அந்தஸ்தின் அளவுகோல் தங்கத்திலிருந்து இலச்சினைக்கு மாறியதைக் காட்ட இதைவிட வேறு சான்று வேண்டுமா?

வர்த்தகக் குறியை மீறிவிட்டார்கள் என்றது கம்பனி. வாங்குபவர் ஏமாறாமல் காப்பதே அச்சட்டத்தின் அடிப்படை நோக்கம். காகிதப் பையைத் தோற்பை என்று நம்பி வாங்கியவர் ஒருவராவது உண்டா?

கம்பனியைச் சுட்டது வேறொன்று என்பதே எனது கருத்து. தோலையும் தையலையும் நீக்கிய பின்னரும் அந்தப் பை விற்பனையாகிறது. அப்படியாயின் மக்கள் விரும்புவது பையை அல்ல, அதன்மீதுள்ள பெயரை. அந்த உண்மையைச் சாதாரண அட்டை ஒன்று அம்பலப்படுத்திவிட்டது.

இறந்தவரையும் நுகர்வோராக்குவது மடமையல்லவா என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் அந்த ஆசையை மறுவுலகம் வரை வளர்த்துவிட்டவர்கள் யார்? பையைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்து, அது இல்லாதவருக்கு மதிப்பில்லை என்று விளம்பரங்களால் இடையறாது போதித்தவர்களல்லவா? உயிரோடிருந்த தாய்க்கு வாங்கிக்கொடுக்க இயலாததை, அவள் இறந்தபின் காகிதத்தில் வாங்கி எரிக்கிறாள் ஒரு மகள். அந்தத் துக்கத்திலுமா உரிமை கோருவது?

அமெரிக்க ஓவியர் லிபி பிளாக், ஆடம்பரப் பொருட்களைக் காகிதத்தாலும் வர்ணத்தாலும் பசையாலும் உருவாக்கிக் காட்சிக்கு வைத்தவர். அதைக் கலை என்கிறோம், சரியே. தெருவோரக் கைவினைஞர் செய்தால் மட்டும் அது திருட்டாகிவிடுமா?

கண்டனங்கள் எழவே, கூச்சியின் தாய்க் கம்பனியான கெரிங் 2016 மே மாதம் மன்னிப்புக் கோரியது. அது வரவேற்கத்தக்கதே. ஆயினும் எனது கேள்வி எஞ்சி நிற்கிறது. எரிந்த காகிதப் பையில் மிஞ்சுவது சாம்பல். பெயரைக் கழித்துவிட்டால் தோற்பையின் விலையில் மிஞ்சுவது எவ்வளவு?