முனையம் புதிது, விமானங்கள் எங்கே?

ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மீமிசல் என நம் கடற்கரை ஊர்களில் சபுராளி இல்லாத குடும்பங்கள் குறைவு. வளைகுடாவுக்கோ, மலேசியா, சிங்கப்பூருக்கோ புறப்படும் நம்மவர்கள் முதலில் நினைப்பது திருச்சி விமான நிலையத்தைத்தான்.

அங்கே ரூ.1,100 கோடிக்கும் அதிகமான செலவில் கட்டப்பட்ட புதிய முனையத்தை 2024 ஜனவரி 2 அன்று பிரதமர் திறந்து வைத்தார். ஜூன் மாதம் அது பயன்பாட்டுக்கு வந்தது. ஆண்டுக்கு 44 லட்சம் பயணிகளைக் கையாளும் வசதி கொண்டது. ஆனாலும் எமிரேட்ஸ், கத்தார் ஏர்வேஸ், ஏர் அரேபியா போன்ற வளைகுடா நிறுவனங்களின் விமானங்கள் திருச்சிக்கு வருவதில்லை. ஏன்?

காரணம் கட்டடத்தில் இல்லை, ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஒரு நாட்டின் விமான நிறுவனம் இந்தியாவில் எந்தெந்த நகரங்களுக்கு வரலாம், வாரத்துக்கு எத்தனை இருக்கைகள் என்பதை இருநாட்டு விமானச் சேவை ஒப்பந்தம் முடிவு செய்கிறது. வளைகுடா நாடுகளுடனான ஒப்பந்தங்களில் திருச்சிக்கு இடம் தரப்படவில்லை. கோவைக்கு ஏர் அரேபியா வருகிறது. திருச்சிக்கு வர முடியவில்லை. இங்கிருந்து வளைகுடாவுக்குப் பறப்பவை ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போன்ற இந்திய நிறுவனங்கள்தான். வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் தாராளமாக இடம் கொடுத்தால் இந்திய நிறுவனங்கள் பாதிக்கப்படும் என்பது ஒன்றிய அரசின் வாதம். அதை முற்றிலும் தள்ளிவிட முடியாது. ஆனால் போட்டி குறைந்தால் அதன் சுமை பயணியின் தலையில்தான் விழுகிறது. பெருநாளுக்கும் பள்ளி விடுமுறைக்கும் ஏறும் கட்டணத்தை நாம் அறிவோம். பெற்றோரின் மவுத் செய்தி கேட்டுப் பதறி வருபவருக்கு நேரடி விமானத்தில் இடம் இல்லையென்றால், ஜனாஸாவுக்கு வந்து சேர்வதே கேள்விக்குறியாகிறது.

இரண்டாவது தடை ஓடுபாதை. சுமார் 8,136 அடி நீளம் கொண்ட அதில், பெரிய ரக விமானங்கள் முழுச் சுமையோடு நீண்ட தூரம் புறப்படுவது கடினம். நீட்டிப்புக்கான நிலம் கையகப்படுத்தும் பணி பல ஆண்டுகளாக இழுத்துக்கொண்டே வந்திருக்கிறது.

மூன்றாவது ஹஜ். தமிழகத்துக்குச் சென்னை மட்டுமே புறப்பாட்டு இடம். நம் ஊரிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் முதியவர்கள் பயணிக்க வேண்டியிருக்கிறது. கொரோனாவுக்குப் பின் 2022-ல் சென்னையும் இல்லாமல் போய், தமிழக ஹாஜிகள் கொச்சியிலிருந்து சென்றார்கள். தமிழக அரசும் சமுதாய அமைப்புகளும் தொடர்ந்து வலியுறுத்தின. 2023-ல் சென்னை திரும்பக் கிடைத்தது. கேட்டால் கிடைக்கும் என்பதற்கு அதுவே சான்று.

எனவே கேட்க வேண்டிய இடம் அறிந்து கேட்போம். விமான உரிமைக்கு ஒன்றிய விமானப் போக்குவரத்து அமைச்சகம், நிலத்துக்கு மாநில அரசு, ஹஜ் புறப்பாட்டுக்குச் சிறுபான்மையினர் நல அமைச்சகமும் ஹஜ் கமிட்டியும். நம் ஊர்கள் ராமநாதபுரம் மக்களவைத் தொகுதியில் வருகின்றன. விமான நிலையம் இருப்பதோ திருச்சியில். இரு தொகுதி உறுப்பினர்களிடமும் ஜமாஅத்துகள் ஒரே கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, நாடாளுமன்றத்தில் எழுப்பச் சொல்ல வேண்டும். திருச்சியை நம்பியிருக்கும் எல்லாச் சமூகத்தாருக்கும் பயன் தரும் கோரிக்கை இது. அவர்களையும் சேர்த்துக்கொண்டு கேட்டால், இன்ஷா அல்லாஹ், குரல் டெல்லி வரை எட்டும்.