சிக்கையாவின் மனைவி

ஓசூர் சாலை வழியாகப் பெங்களூருக்குள் நுழையும் தமிழ்நாட்டுப் பேருந்துகள் பொம்மனஹள்ளி வந்ததும் ஊர ஆரம்பிக்கின்றன. எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து வரும் மேம்பாலம் 2010ல் திறக்கப்பட்டது. மஞ்சள் மெட்ரோ பாதை 2025ல். கீழே ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போகும் பெண்கள், ஆட்டோக்கள், தூசி. வெயிலுக்கு ஒதுங்க வேண்டும் என்றால் பெரும்பாலும் சிமெண்ட் நிழல்தான்.

அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, ஜெயநகரில் ஒரு மருத்துவமனையில், 2025 நவம்பர் 14 அன்று சாலுமரத திம்மக்கா காலமானார். வயது 114 என்றார்கள். கூலிக்காரர் வீட்டில் பிறந்த பெண் குழந்தையின் பிறந்த தேதியை அந்தக் காலத்தில் யார் எழுதிவைத்திருக்கப் போகிறார்கள் என்ற சந்தேகம் நியாயமானதே. அவர் நட்ட மரங்களைப் பற்றி அப்படிச் சந்தேகம் எழ வழியில்லை. அடிமரத்தைப் பார்த்தாலே போதும்.

கன்னடத்தில் சாலு என்றால் வரிசை. சாலுமர என்றால் வரிசையாக நிற்கும் மரங்கள். தமிழருக்கு அந்நியமான சொல் அல்ல. உழவுச் சாலில் இருப்பதும் இதே சால்தான். நீர் இறைக்கும் பாத்திரத்துக்கும் தமிழில் சால் என்று பெயர் உண்டு. அது வேறு சொல்லாக இருக்கலாம். ஆனால் திம்மக்கா விஷயத்தில் இரண்டு அர்த்தமும் பொருந்திவிடுகின்றன.

தும்கூர் மாவட்டம் குப்பி தாலூகாவில் பிறந்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. கல் உடைக்கும் இடத்தில் கூலி வேலை. பெங்களூருக்கு மேற்கே மாகடி தாலூகாவிலுள்ள ஹுலிகல் கிராமத்துச் சிக்கையாவுக்கு வாழ்க்கைப்பட்டார். வருடங்கள் ஓடின, குழந்தை பிறக்கவில்லை. கிராமத்தில் பிள்ளையில்லாத பெண் என்னென்ன கேட்க வேண்டியிருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. அதற்கென்று தமிழிலும் கன்னடத்திலும் தனிச் சொற்களே இருக்கின்றன, ஆணுக்கு அவ்வளவாக இல்லாத சொற்கள்.

கணவனும் மனைவியும் மரம் நட ஆரம்பித்தார்கள். அந்தப் பக்கத்தில் ஆலமரங்களுக்குக் குறைவில்லை. அவற்றிலிருந்து கன்றுகளை உண்டாக்கி, ஹுலிகலிலிருந்து குதூர் போகும் சாலையோரத்தில் முதல் வருடம் 10 வைத்தார்கள். அடுத்த வருடம் 15, அதற்கடுத்து 20. நட்டது பெரும்பாலும் மழைக்காலத்தில். மழை நின்ற பிறகு, குடங்களில் தண்ணீர் சுமந்து கிலோமீட்டர் கணக்கில் நடந்து ஊற்றினார்கள். ஆடு மாடு கடிக்காமலிருக்க ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் முள் வெட்டி அடைத்தார்கள். அடுத்த பருவமழை வரை தாக்குப்பிடித்துவிட்டால் ஆல் பிழைத்துக்கொள்ளும். நடுவதில் ஒன்றும் பெரிய சிரமமில்லை, நடும் விழாக்களில் அமைச்சர்களும் செய்கிற வேலைதான். கஷ்டமெல்லாம் அந்த முதல் கோடையில். பகலெல்லாம் கூலி வேலை பார்த்தவர்கள் எந்தத் தெம்பில் அதைச் செய்தார்கள் என்பது ஆச்சரியம். இப்படி நான்கு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தூரத்தில் வளர்ந்த ஆலமரங்களின் எண்ணிக்கை 385 என்று சொல்லப்படுகிறது.

அசோகர் சாலையோரம் மரங்களை நட்டார் என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்காத தமிழ்ப் பிள்ளை இருக்க முடியாது. அசோகரின் தூண் கல்வெட்டு ஒன்றில் ஆலமரமே பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுகிறது, மனிதருக்கும் விலங்குக்கும் நிழல் தருவதற்கென்று. சக்கரவர்த்தி ஆணையிட்டிருப்பார், குடம் சுமந்தவர்கள் யாரென்று கல்வெட்டில் இல்லை.

சிக்கையாவுக்கும் கிட்டத்தட்ட அந்தக் கதிதான். அவர் 1991ல் இறந்தார். திம்மக்காவுக்குத் தேசிய அளவில் விருது கிடைத்தது 1995ல். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸிலும் ஓக்லண்டிலும் இயங்கிய ஒரு சுற்றுச்சூழல் கல்வி அமைப்பு அவர் பெயரை வைத்துக்கொண்டது. 2010ல் ஹம்பி கன்னடப் பல்கலைக்கழகத்தின் நாடோஜ விருது. 2016ல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியல். ஜோடியாகச் செய்த வேலைக்கு வந்த பாராட்டில் ஒன்றைக்கூட அந்த மனிதர் பார்க்கவில்லை. பாராட்டுகள் வயிற்றுக்கு ஆகவில்லை என்பதும் உண்மை. மாதம் 500 ரூபாய் ஓய்வூதியத்தில் அவர் காலம் தள்ளுவதாக நெடுநாள் செய்திகள் வந்துகொண்டிருந்தன. பிற்காலத்தில் ஒரு வளர்ப்பு மகன் துணைக்கு வந்தார். ஊரும் நாடும் அஜ்ஜி என்று கூப்பிட்டது. பேரப்பிள்ளைகள் இல்லாமலே பாட்டியானவர்.

2019 மார்ச்சில் பத்மஸ்ரீ வாங்க ராஷ்டிரபதி பவன் போனபோது, குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்தின் நெற்றியில் கைவைத்து ஆசீர்வதித்தார். விழா நடைமுறையில் அதற்கு இடமில்லை. ஆனால் எந்தக் கிராமத்துப் பாட்டியும் அதைத்தான் செய்திருப்பார். அவையில் கைதட்டல் எழுந்தது.

அதே வருடம் பாகேபள்ளி - ஹலகூர் சாலையை அகலப்படுத்தும் திட்டத்தில் அவருடைய ஆலமரங்களுக்கு ஆபத்து வந்தது. நூறைத் தாண்டிய மூதாட்டி முதலமைச்சர் குமாரசாமியிடம் முறையிட வேண்டியிருந்தது. மாற்று வழி பார்ப்பதாக அரசு ஒப்புக்கொண்டது. விருது கொடுத்த கைகளிடமே மரத்தை வெட்டாதீர்கள் என்று கேட்க நேர்ந்ததை அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ!

அவர் இறந்த நவம்பர் 14 குழந்தைகள் தினம். தொலைக்காட்சிகள் இதைச் சொல்லத் தவறவில்லை. அதைவிடக் குறைவாகப் பேசப்பட்டது, அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்த ஒரு விஷயம்: ஹுலிகலில், சிக்கையாவின் நினைவாக, ஒரு மருத்துவமனை.