ஊராட்சி குறுக்கே நிற்கிறதாம்!

வீட்டுமனைக் கண்காட்சி என்றாலே யாராவது ஒருவர் மைக்கைப் பிடித்து, “சென்னை உயரமாக வளரவேண்டும், சுற்றியுள்ள கிராமங்கள்தான் முட்டுக்கட்டை” என்று முழங்கிவிட்டுப் போவார். வருஷக்கணக்காக இதே பல்லவி. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

முட்டுக்கட்டை போட ஊராட்சியிடம் என்ன இருக்கிறது? 10,000 சதுர அடிக்குள், 8 வீட்டுக்குள் அடங்கினால்தான் கட்டட அனுமதி உள்ளாட்சியோடு முடியும். மீறினால் கோப்பு எழும்பூருக்கு, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வுக்குப் போய்விடும். 2019 விதிகளில், மனைப் பரப்புக்கு எத்தனை மடங்கு கட்டலாம் என்கிற எஃப்.எஸ்.ஐ. 1.5-லிருந்து 2 ஆனது. உயரக் கட்டடங்களுக்கு 3.25. 2022-இல் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக நீண்டது. இதில் எதை எந்தக் கிராம சபை தடுத்தது? வருஷத்துக்கு ஆறு சபை நடக்கிறது. தீர்மானம் போடலாம், கையெழுத்துப் போடலாம், டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

அடுத்து, வீடு பெருகினால் விலை இறங்குமாம். ஓ.எம்.ஆரில் இருபது வருஷமாகப் பெருகத்தான் செய்கிறது. இறங்கிய விலையைப் பார்த்தவர்கள் எனக்கும் காட்டட்டும்.

சிங்கப்பூரைப் பார்க்கச் சொல்கிறார்கள். பார்த்தேன். அங்கே பத்தில் ஏறக்குறைய எட்டுப் பேர் குடியிருப்பது அரசு வாரியம் கட்டிய வீட்டில். அந்தப் பாதியை மட்டும் மேடையில் விழுங்கிவிடுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று: அடுக்குமாடி வந்தால் ஊராட்சிக்கு வரி கொட்டுமாம். கொட்டுவது வரி மட்டுமா? மேடவாக்கம், பெரும்பாக்கம் பக்கம் இரவில் வந்து பாருங்கள். அடுக்குமாடிகள் எழுந்த பிறகும் ஊராட்சியாகவே காலம் தள்ளிய ஊர்கள் இவை. அதிலும் பெரும்பாக்கத்தில், ஆற்றங்கரைகளிலிருந்து பெயர்த்தெடுத்த மக்களுக்காக அரசே எட்டடுக்கு எட்டடுக்காக 20,000-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டிவைத்தது. இதற்கு மேலும் அடர்த்தி வேண்டுமென்றால் ஆளின் தோளில் ஆளைத்தான் ஏற்றவேண்டும்.

பில்டரிடம் வாங்கும் உள்கட்டமைப்புக் கட்டணம் மாநில நிதிக்குப் போகிறது. பாதாளச் சாக்கடை வருவதற்குள் குடித்தனம் வந்துவிடுகிறது. வரைபடத்தில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் உண்டு, தெருவில் இருப்பது லாரி. பகலில் தண்ணீர் லாரி, நடுநிசியில் கழிவுநீர் லாரி. ஏரிக்கு வரும் கால்வாயோரம் விளக்கை அணைத்து நிறுத்தி, பருத்த ஹோஸை உள்ளே இறக்கிவிட்டு, டிரைவர் பீடி பற்றவைப்பார். கேட்டால், “பெருங்குடி சுத்திகரிப்பு பிளான்ட்ல க்யூ நிக்குது சார், ஒரு ட்ரிப்புக்கே விடிஞ்சிரும்” என்பார். அவர் பிழைப்பு அவருக்கு. காலையில் ஊராட்சியின் தூய்மைக் காவலர் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு பிளீச்சிங் பவுடர் தூவுவார். அனுமதி கொடுத்தது எழும்பூர், விற்றுக் காசு பார்த்தது பில்டர், வாரிக்கொட்டுவது இவர். குறுக்கே நிற்பதும் இவர்தான் போலும்!

மாடி கட்டவே கூடாதென்று எந்த ஊராட்சித் தலைவரும் சொல்லி நான் கேட்டதில்லை. குழாயும் சாக்கடையும் முதலில், மாடி பிறகு என்கிறார்கள். வளர்ச்சித் திட்டத்தை வரையவேண்டிய பெருநகரத் திட்டக் குழுவில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்களை உள்ளாட்சிப் பிரதிநிதிகளே தங்களுக்குள் தேர்ந்தெடுக்கவேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 243 இசட்.இ. பிரிவு. மூன்றாவது முழுமைத் திட்டத்தை எழுதிக்கொண்டிருப்பதோ சி.எம்.டி.ஏ. அது முடிந்ததும் ஊராட்சிகளுக்கு ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம் போடுவார்கள், தேநீர் பிஸ்கட்டோடு.